உப்புப் பார்த்தவர்கள்

பூலோகம் அண்ணாச்சி உப்புப் பார்க்கிற விதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரண்டி நுனியால் ஒரு சொட்டுக் குழம்பெடுத்து இடது உள்ளங்கையில் விடுவார். ஊதமாட்டார். கொதிக்கக் கொதிக்க அதை நக்கிவிட்டுத் தலையைத் தூக்கித் தகரக் கூரையைப் பார்ப்பார். அங்கே யாரோ விடை எழுதி வைத்திருப்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு மரத்தில் குடைந்த உப்பு மரவைக்குள் கை போகும். கல் உப்பு ஒரு பிடியோ அரைப் பிடியோ சட்டியில் விழும். இரண்டாம் தடவை ருசி பார்க்கிற வழக்கமே அவரிடம் கிடையாது.

தாராவியில் ஆட்டுத்தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பை ஒட்டி இருந்தது வானமாமலை மெஸ். பூலோகம் அங்கே சமையல்காரர். குர்லா பட்டறைகளில் இரும்பு கடைகிறவர்கள், தாதர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், தோல்ஷாப்பு ஆட்கள், கோட்டைப் பக்கம் ஆபீஸ் போகிற என்னைப் போன்ற ஒன்றிரண்டு பேர் என்று எல்லாருமே நெல்லைச் சீமையிலிருந்து வந்து ஒண்டிக்கட்டையாக இருந்தவர்கள்தான். வேர்வையில் போன உப்பை வாயால் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதுபோல் சாப்பிடுவார்கள். பூலோகத்தின் மீன்குழம்புக்காகவே ஆண்டாப் ஹில்லிலிருந்து நடந்து வருகிறவர்கள் இருந்தார்கள். முதலாளி வானமாமலை மட்டும் அந்தக் குழம்பை நாக்கில் வைத்ததில்லை. அவர் சைவம். மீன்சட்டி இருக்கிற அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

பூலோகத்துக்கு ஊர் திசையன்விளைப் பக்கம். சின்ன வயதில் பம்பாய் வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிறகு ஒரு சரக்குக் கப்பலில் அடுக்களை எடுபிடியாகி, கடைசியில் இங்கே கரண்டி பிடித்தவர். மனைவி அன்னத்தாய். பிள்ளை இல்லை. மெஸ்ஸுக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒரு கோலியில் குடியிருந்தார்கள். ஒற்றை அறை, மேலே தகரம், வாசலில் சாக்கடை. கரண்டி இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கூரை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அறுபத்தேழாம் வருஷம், மழைக்காலம் தொடங்குகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்றவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஈரத்துணி வைத்தும் நிற்கவில்லை. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கிற ஒரு பார்சிக்கார டாக்டரம்மா இருந்தார். பெயர் ரோஷன். அவருக்குத் தமிழ் தெரியாது, பூலோகத்துக்கு அடுக்களை இந்திதான் தெரியும். அதனால் இங்கிலீஷ் படித்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா பூலோகத்தின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, மறுபடி அடித்தார். ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது. என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னதை நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். உப்பு உடம்பில் தண்ணீரைக் கட்டிவைக்கும். அந்தச் சுமையில் ரத்தக்குழாய் விம்மும். ஒருநாள் மூக்கில் உடைகிறது மூளையில் உடையும். பின்கழுத்து கனக்கிறது அதற்கு ஓர் அடையாளம். மாத்திரை தருகிறேன், அது மட்டும் போதாது. இனி சோற்றிலும் குழம்பிலும் உப்புச் சேர்க்கக் கூடாது. வாழைப்பழம், கீரை, பயறு, ஆடை எடுத்த மோர், தோலோடு அவித்த கிழங்கு எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். அதிலே பொட்டாசியம் என்று ஒரு சத்து இருக்கிறது, உப்பை அது வெளியே தள்ளும்.

பூலோகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உப்பில்லாமத் திங்கிறது கோயிலுக்கு நோம்பு பிடிக்கும்போதுதான் தம்பி. சாகிறவரைக்குமா நோம்பு பிடிக்கச் சொல்லுதாவ?" என்றார்.

நான் அதை மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாகாமல் இருக்கிறவரைக்கும் என்று சொல்லுங்கள்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் பின்கழுத்து கனக்கிறதோ என்று அடிக்கடி தடவிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இன்றுவரை போகவில்லை.

அடுத்த மாதம் மறுபடி போனோம். அழுத்தம் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்குக் கோபம். உப்புச் சாப்பிடுகிறார், பொய் சொல்கிறார் என்றார். அன்னத்தாய் கூட வந்திருந்தாள். சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அம்மன் மேல ஆணை தம்பி. என் கையால ஒரு கல்லு உப்புப் போடலை. குழம்புல இல்லை, சோத்துல இல்லை. கஞ்சியில கூடப் போடலை. இந்த மனுசன் மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா?"

"அப்ப எப்படித்தான் சாப்பிடுதாரு?" என்று கேட்டேன்.

"வெறுஞ்சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குதுன்னாரு. ரெண்டு சாளைக் கருவாடு சுட்டு வைக்கேன். மோர்மிளகா ரெண்டு வறுத்து வைக்கேன். அம்புட்டுத்தான்."

"கருவாடு முழுக்க உப்புல்லா அக்கா."

"அதுல நான் எங்க போட்டேன்? அது கடக்கரையிலேயே கிடந்து வந்தது!"

அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. எங்கள் கடற்கரைப் பக்கம் கருவாடு என்பது மீன். உப்பு என்பது மரவையில் இருக்கிறது. சேர்க்காதே என்று டாக்டர் சொன்னார், அவளும் சேர்க்கவில்லை. நான் விளக்கியதைக் கேட்டு டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கருவாடு, ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிறுத்தினார். ஒவ்வொரு பெயருக்கும் பூலோகத்தின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

அதற்குப் பிறகு அன்னத்தாய் வேறு ஆள் ஆகிவிட்டாள். பொழுது சாயும் நேரம் தாதர் மார்க்கெட்டுக்குப் போய், விற்காமல் வாடிக்கிடக்கிற கீரைக்கட்டுகளைப் பேரம் பேசி அள்ளிக்கொண்டு வருவாள். பாசிப்பயறை அவித்துப் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு எலுமிச்சம்பழம் பிழிவாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், தண்ணி மோர். அரிசி ரேஷனில் அளந்துதான் கிடைக்கும். அதில் பாதிக்குக் கேழ்வரகைக் கரைத்துக் கூழ் ஆக்கினாள். அவளும் அதையே சாப்பிட்டாள். நீங்கள் எதற்கு அக்கா என்று கேட்டதற்கு, "இத்தனூண்டு கோலிக்குள்ள அவரு வெறும் கூழு குடிக்கையில நான் பக்கத்துல இருந்து கருவாடு கடிக்கவா?" என்றாள்.

அழுத்தம் இறங்கியது. மழை விடுவதற்குள் நன்றாகவே இறங்கிவிட்டது. தலைவலி போனது. ஸ்டேஷன் பாலத்தில் நடுவில் உட்காராமல் ஏறினார். டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கி, முதுகில் தட்டிக்கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் பூலோகம் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் சிரித்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குள் நாக்கு மாறிவிட்டிருந்தது. உப்பை விட்டு மாசக்கணக்கான நாக்குக்கு ஒரு கல் உப்பே பெரிய விஷயம். உள்ளங்கையில் விட்டு நக்குவார், கூரையைப் பார்ப்பார், போதும் என்று படும். அவருக்குப் போதுமாக இருந்தது இரும்படித்துவிட்டு வந்தவர்களுக்குப் பச்சைத்தண்ணீராக இருந்தது. எங்களுக்கு இலையில் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"கடல்ல மழை பெஞ்சிருச்சா அண்ணாச்சி?" என்று ஆரம்பித்தான் சிவனாண்டி. குர்லாவில் பட்டறை வேலை அவனுக்கு, வாய் அடங்காது.

"அரிசிக்குத்தான் ரேஷன்னான். உப்புக்கும் போட்டுட்டானா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"மெஸ்ஸுன்னு போர்டு இருக்கு. ஆஸ்பத்திரின்னு மாத்தச் சொல்லணும்டே."

எல்லாரும் சிரித்தார்கள். பூலோகம் உப்பு மரவையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுப் பந்தியில் சமையல்காரனே உப்பு மரவையை வைப்பது எவ்வளவு பெரிய தோல்வி என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

தகர டம்ளரில் அளந்து போட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னேன். பார்த்தார். ஒருநாள் கரித்தது, மறுநாள் சப்பென்று இருந்தது. மீன் நாளுக்கு ஒரு மாதிரி, புளி கடைக்கு ஒரு மாதிரி. அளவு அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக லேபர் கேம்ப் பக்கம் புதிதாக வந்த மெஸ்ஸுக்கு நகர்ந்தார்கள். வானமாமலை அடுக்களை வாசலில் நின்று, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னார்.

"பூலோகம், உம்ம சீக்கு எனக்குத் தெரியும். நான் குத்தம் சொல்லலை. ஆனா பந்தியில பாதிப்பேரு இல்லையே வே. தீபாவளி கழியட்டும். சரியாகலைன்னா வேற ஆளு பாக்கணும். வாற ஆளுக்குக் கோலியும் வேணும்லா?"

மதராசிகளே ஊருக்குப் போங்கள் என்று சுவரில் கரியால் எழுதிவைத்திருந்த வருஷம் அது. ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வேன். அந்த வருஷத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சீக்காளிச் சமையல்காரனை இன்னொரு இடத்தில் யார் சேர்ப்பார்கள்?

வழி கண்டுபிடித்தவர் ஷாகுல் ஹமீது. மேலப்பாளையத்துக்காரர், பக்கத்துத் தோல்ஷாப்பில் பச்சைத்தோலுக்கு உப்புத் தடவுகிற வேலை. கை இரண்டும் வெடித்து வெள்ளை பூத்திருக்கும். தோல்ஷாப்புக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். காலையில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள், அவர் மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

"வே பூலோகம், நாள் பூரா உப்புக்குள்ள நிக்கேன். என் நாக்குக்கு என்ன கேடு? கையில விடும், சொல்லுதேன்" என்று தடுப்பின் ஓட்டை வழியாகக் கையை நீட்டினார். அந்தக் கையைக் கழுவச் சொல்லிவிட்டுத்தான் பூலோகம் சொட்டை விட்டார்.

"இன்னும் ஒரு பிடி."

போட்டார்.

"இன்னும் அரைப்பிடி. ஆங். இப்பத்தான் குழம்பு மனுசன் திங்கிற மாதிரி இருக்கு."

தினமும் இது நடந்தது. முதலாளிக்குத் தெரியாது. பந்தியில் சிவனாண்டி விரலை நக்கினான். போனவர்கள் திரும்பினார்கள். தீபாவளி வந்து போயிற்று, வேற ஆள் பேச்சு எழவில்லை. பூலோகம் அடுக்களையில் அவர்களுக்கு உப்புப் போட்டார், கோலியில் தான் வெறும் கூழ் குடித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான்கூட நினைத்தேன்.

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு டிசம்பரில் பிறந்தது. பிறை பார்த்த அன்றைக்கு ஷாகுல் ஹமீது தடுப்புக்கு இந்தப் பக்கமே வந்து நின்றார்.

"நாக்குல வச்சுட்டுத் துப்புனா முறியாதுன்னு சொல்லுதவங்களும் இருக்காங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை வே. தொண்டையில எறங்கிருச்சோன்னு நாள் பூரா அரிச்சுக்கிட்டே இருக்கும்."

"நீரு கேட்டாலும் நான் தரமாட்டேன் பாய்" என்றார் பூலோகம். "உம்ம நோம்பைக் கெடுத்து நான் சோறு திங்கணுமா? போயி நல்லாப் பிடியும். ஒரு மாசம் நான் சமாளிச்சுக்கிடுதேன்."

எப்படிச் சமாளித்தார் என்பதை என் நாக்குதான் முதலில் சொல்லிற்று. நோன்பு தொடங்கிச் சில நாள் குழம்பு சப்பென்று கிடந்தது. பந்தியில் முணுமுணுப்புத் தொடங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒருநாள் மதியம், விடுமுறை என்று நினைக்கிறேன், வாயில் வைத்ததும் பழைய குழம்பு. அச்சாகப் பழைய குழம்பு. "இதாம்ணே பூலோகம்!" என்று சிவனாண்டி இலையைத் தட்டினான். உப்பை விட்ட நாக்கு இப்படிப் பார்த்திருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

விறகுக்குப் பின்னால் ஒரு சட்டி. திறந்தால் சாளைக் கருவாடு, ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நாக்கைப் பழையபடி ஆக்கணும்லா" என்றார், வண்டிக்கு எண்ணெய் விடுகிறவர் மாதிரி. "காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு தின்னேன். வந்துட்டு. பெருநாள் வரைக்கும்தான் தம்பி. பிறகு பாய் வந்துருவாரு, நான் விட்டுருவேன். அவகிட்டச் சொல்லிராதீங்க."

கண் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு தடித்திருந்தது. நான் நேரே கோலிக்குப் போய் அன்னத்தாயிடம் சொன்னேன்.

அவள் அதுவரை மெஸ் அடுக்களைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அன்றைக்கு வந்தாள். சட்டியைத் தூக்கி வாசல் சாக்கடையில் கொட்டினாள்.

"ஏ மனுசா! மார்க்கெட்டுல வாடின கீரையைப் பொறுக்கிக்கிட்டு நான் அலைஞ்சது இதுக்கா? என் தாலியைக் கருவாட்டுச் சட்டிக்குள்ள போட்டு மூடி வச்சிருக்கியா?"

"கத்தாதட்டீ. பந்தியில ஆளு இருக்கு."

"இருக்கட்டும். கேக்கட்டும்."

"நாக்குப் போனாக் கரண்டி போச்சு. கரண்டி போனாக் கோலி போச்சு. உன்னைய எங்க கொண்டுபோயி வைப்பேன்? தாதர் பாலத்துக்கு அடியிலயா?"

அவள் காலிச் சட்டியைக் கீழே வைத்தாள். அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"நான் பாக்கேன் உப்பு."

"உனக்கும் நாக்கு செத்துல்லா கிடக்கு. நீயும் எங்கூடக் கூழு குடிச்சவதான?"

"நான் திங்கேன் கருவாடு. எனக்கு ஒண்ணுமில்லை, நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ திங்காத. என் நாக்கு வாறவரைக்கும் குழம்பு எப்படி இருந்தாலும் இருக்கட்டும். எவன் எந்திரிச்சுப் போறான்னு பாப்போம்."

அன்றிலிருந்து அவள் கருவாடு தின்றாள். பிடிக்காமல், மருந்து தின்பதுபோல் தின்றாள். காலையில் அடுக்களைக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். பூலோகம் கருவாட்டை விட்டதாகச் சொன்னார். விட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உடம்பு அதற்குள் கணக்கைத் தொடங்கிவிட்டதோ என்னவோ.

பெருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. சீலா மீன் வந்திருந்தது. நான் அடுக்களை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்னத்தாய் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் பூலோகம் கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டார். கை வாய்க்கு வரவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு உள்ளங்கையிலிருந்து வழிந்து மணிக்கட்டுக்குப் போனது. பிறகு கரண்டி விழுந்தது, அவரும் சரிந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "உப்புப் போடலை இன்னும்" என்றார்.

உயிர் தங்கியது. இடது கையும் இடது காலும் திரும்பவில்லை.

பெருநாளன்றைக்குப் புதுச்சட்டையோடு ஷாகுல் ஹமீது வந்தார். கோலி வாசலில் சாக்கு விரித்துப் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார்.

"நாக்குல வச்சுத் துப்பியிருக்கலாம் நான்" என்றார். "துப்பியிருக்கலாம்."

"சும்மா இரும் அண்ணாச்சி" என்றாள் அன்னத்தாய். "நல்லநாளும் அதுவுமா அழாதேயும். படைச்சவனுக்காகப் பிடிச்ச நோம்பு. அதைப் போயி யாரு குத்தம் சொல்லுவா?"

"இனிமே நான் தினமும் வந்து பாக்கேன்."

"வேண்டாம்" என்றாள். "ஒருத்தர் நாக்கை நம்பி ஒரு தடவை நின்னாச்சு. அடுத்த வருசமும் நோம்பு வரும்லா?"

கரண்டியை அவள் எடுத்துக்கொண்டாள். பொம்பளை சமைக்கிற மெஸ்ஸா என்று வானமாமலை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பந்தி நிறைந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். கோலி தங்கியது. அடுக்களையில் ஒரு குழம்பு, கோலியில் ஒரு கூழ். அவருக்குப் பயறும் கீரையும் உப்பில்லாமல் மசித்து ஊட்டிவிட்டு, அவள் அடுக்களைக்கு வந்து கருவாட்டைக் கடித்துக்கொண்டு தன் சோற்றைச் சாப்பிடுவாள். அவர் கண்ணில் படாமல்தான் சாப்பிடுவாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் பூலோகத்தைக் கைவண்டியில் உட்காரவைத்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அழுத்தம் நல்லபடியாக இருந்தது. சாப்பாட்டை இப்படிப் பார்த்துக்கொள்கிற பெண்ணை நான் கண்டதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அன்னத்தாய் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு கை பின்கழுத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அந்தக் கையைக் கவனித்துவிட்டார். எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

"வலியெல்லாம் இல்லை தம்பி. அடுப்புச் சூடு."

டாக்டரம்மா பூலோகத்தின் கையிலிருந்து பட்டையைக் கழற்றி அவளை உட்காரும்படி ஸ்டூலைக் காட்டினார். அன்னத்தாய் உட்காரவில்லை. கையைக் கீழே இறக்கி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எனக்குக் கட்டவேண்டாம்னு சொல்லுங்க."

"ஒரு நிமிஷம்தான் அக்கா. பார்த்துட்டா நல்லதுதானே?"

"பாத்தா நிறுத்தச் சொல்லுவாவ" என்றாள். "நிறுத்திட்டா யாரு உப்புப் பாப்பா?"

நான் இங்கிலீஷில் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் பூலோகத்தின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். கைவண்டி வாசலில் நின்றது. மதியப் பந்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.